ஓடும்போது நின்றுவிடும் பழைய கார்: கார்பரேட்டரை மாற்றும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

கூட்டரசு நெடுஞ்சாலையில் பத்து தீகாவை நெருங்கும்போது அப்பாவின் சாகா இருமத் தொடங்கும். கிள்ளானில் புறப்பட்டதிலிருந்து அதுவரை ஒரு குறையும் சொல்ல முடியாது. இரண்டு குலுக்கல் வரும், பிறகு மிதித்தாலும் வேகம் எடுக்காது, இடது ஓரம் ஒதுங்குவதற்குள் எஞ்சின் அணைந்திருக்கும். பத்து நிமிடம் காத்திருந்து சாவியைத் திருப்பினால் எதுவுமே நடக்காதது போல் கிளம்பும். பெட்டாலிங் ஜெயா தாண்டுவதற்குள் மறுபடி நிற்கும்.

ஒரு பட்டறையில் கார்பரேட்டரை மாற்றினார்கள். இன்னொரு பட்டறையில் பிளக், பிளக் ஒயர், காயில் எல்லாம் மாறின. ஆயிரம் வெள்ளிக்கு மேல் போனது. கார் அதே இடத்தில் நின்றது. "கொஞ்ச நேரம் விட்டா தானா கிளம்புது" என்று அப்பா போன இடத்திலெல்லாம் சொன்னார். அந்த ஒரு வரியில்தான் விடை இருந்தது. அதை யாரும் காதில் வாங்கவில்லை. நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையின் போது மாதக்கணக்கில் வாசலில் நின்ற காரின் பெட்ரோல் டேங்க் உள்ளே துருப்பிடித்திருந்தது. ஓட ஓட அந்தத் துரு குழாயின் வாயில் வந்து அடைத்தது. கார் நின்றதும் கீழே உதிர்ந்தது.

பழைய கார் வைத்திருக்கும் பல வீடுகளில் இதே கதைதான் நடக்கிறது. பாகங்கள் ஒவ்வொன்றாக மாறும், காசு கரையும், கடைசியில் "இது இனி ஆகாது" என்று இரும்புக் கடைக்குப் போகும். அப்படிப் போன கார்களில் எத்தனையோ சில வெள்ளி ஃபில்டரால் பிழைத்திருக்கும். கார் எப்போது, எப்படி நின்றது என்பதை வைத்தே கோளாறு இருக்கும் இடத்தைப் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நம் வீடுகளில் உள்ள பழைய கார்கள்

புரோட்டோன் சாகா 1985 ஜூலை 9ஆம் தேதி அறிமுகமானது. மிட்சுபிஷியின் 1.3 லிட்டர் எஞ்சினோடு வந்த அந்தக் கார்தான் தோட்டத்தில் வளர்ந்த பல குடும்பங்களுக்கு முதல் 'காடி'. ஷா ஆலாம் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த முதல் சாகா முசியம் நெகாராவுக்கு வழங்கப்பட்டது. பிரிக்பீல்ட்ஸிலிருந்து நடந்தே போய்விடும் தூரம். அதற்கு முந்திய தலைமுறைக்கு மோரிஸ் மைனர். கிராணியும் தமிழ்ப்பள்ளி ஆசிரியரும் அதில் வந்து இறங்கியதைச் சொல்லாத தாத்தா பாட்டி குறைவு. இரண்டுக்கும் நடுவில் டட்சன் 120ஒய்.

இந்த மூன்றுக்கும் பொதுவானது கார்பரேட்டர். பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு ஊட்டும் பாகம் அது. கணினி இல்லை, சென்சார் இல்லை. இன்றைய மைவியில் கருவியைச் செருகினால் கோளாறின் குறியீடு திரையில் வரும். பழைய காரில் அந்தக் குறியீட்டை ஓட்டுபவரின் கண்ணும் காதும் மூக்கும்தான் படிக்க வேண்டும். முதல் வடிவ சாகா 2008 வரை தயாரிக்கப்பட்டது. அதன் கடைசிக் காலத்து வகைகளில் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டதால் அவற்றுக்கு இந்தக் கட்டுரையின் பாதி பொருந்தாது.

பெட்ரோல் போகும் பாதையை மனதில் வைத்துக்கொண்டால் மற்றது சுலபம். டேங்கிலிருந்து காரின் அடியில் ஓடும் இரும்புக் குழாய், அங்கங்கே ரப்பர் குழாய், வழியில் ஒரு ஃபில்டர், பிறகு பம்ப். பம்ப் தள்ளும் பெட்ரோல் கார்பரேட்டரின் ஓரத்தில் உள்ள சிறு கிண்ணத்தில் நிறையும். கிண்ணத்துக்குள் ஒரு மிதவை இருக்கிறது. கழிவறைத் தொட்டியில் தண்ணீர் நிறைந்ததும் மிதவை எழுந்து குழாயை அடைக்கிறதே, அதே வேலைதான். கிண்ணத்திலிருந்து ஊசித் துளை அளவுள்ள ஜெட்டுகள் வழியாகப் பெட்ரோல் எஞ்சினுக்குள் போகிறது. டேங்கிலிருந்து பெட்ரோல் போகப் போக அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வரவும் ஒரு வழி இருக்க வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்; கீழே வரும்.

இருமி நின்றதா, சட்டென்று நின்றதா?

முதலில் இதைத்தான் கேட்க வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் சாவியை அணைத்தது போல் ஒரே கணத்தில் செத்துப்போனால் சந்தேகம் மின்சாரத்தின் மேல் விழ வேண்டும்: காயில், டிஸ்ட்ரிபியூட்டர், பாயின்ட், கொண்டென்சர், தளர்ந்துபோன ஒரு ஒயர். இருமி, குலுங்கி, மிதிக்க மிதிக்க இழுவை குறைந்து நின்றால் அது பெரும்பாலும் பெட்ரோல் பட்டினி. நூற்றுக்கு நூறு சரியாக வரும் விதி அல்ல. ஆனால் பட்டறையில் முதல் அரை மணி நேரத்தை எந்தப் பக்கம் செலவிடுவது என்பதை இது சொல்லிவிடும்.

அடுத்தது, நின்ற உடனேயே செய்ய வேண்டிய சோதனை. கார் ஆறிய பிறகு செய்தால் பயனில்லை, ஏனென்றால் ஆறிய பிறகு எல்லாம் சரியாகத்தான் இருக்கும். பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, எஞ்சின் அணைந்த நிலையில், ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றி கார்பரேட்டரின் வாய்க்குள் பாருங்கள். கையால் ஆக்சலரேட்டர் கம்பியை ஒருமுறை இழுத்தால் உள்ளே மெல்லிய பீச்சலாகப் பெட்ரோல் விழ வேண்டும். விழுந்தால் கிண்ணத்தில் பெட்ரோல் இருக்கிறது. கோளாறு மின்சாரத்திலோ ஜெட்டிலோ. காய்ந்து கிடந்தால் பெட்ரோல் அங்கே வந்து சேரவில்லை. அப்போது கார்பரேட்டரைக் குறை சொல்ல இன்னும் நேரம் வரவில்லை. புகைப்பவர் பக்கத்தில் இருந்தால் தள்ளிப் போகச் சொல்லிவிட்டு இதைச் செய்யுங்கள்.

120ஒய் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சிரமமும் இல்லை. அதன் ஹிட்டாச்சி கார்பரேட்டர் கிண்ணத்தில் சிறு கண்ணாடி உண்டு, பெட்ரோல் நிற்க வேண்டிய மட்டத்துக்கு அதில் ஒரு குறி உண்டு. நின்றதும் பானெட்டைத் திறந்து அந்தக் கண்ணாடியைப் பார்த்தால் போதும்.

மோரிஸ் மைனரில் காதுக்கு வேலை. அதில் இருப்பது எஸ்.யூ. மின்சார பம்ப். சாவியைத் திருப்பியதும் 'டக் டக் டக்' என்று அடித்து, கிண்ணம் நிறைந்ததும் அமைதியாகிவிடும். ஓயாமல் வேகமாக அடித்துக்கொண்டே இருந்தால் டேங்க் காலி, அல்லது எங்கோ காற்றை இழுக்கிறது. எஞ்சின் ஓடாதபோதும் நிறுத்தி நிறுத்தித் தட்டிக்கொண்டிருந்தால் மிதவை ஊசி சரியாக மூடவில்லை. சத்தமே இல்லை என்றால் பம்புக்குள் உள்ள பாயின்ட் ஒட்டிக்கொண்டிருக்கலாம். அந்தக் காலத்து ஓட்டுநர்கள் ஸ்பேனர் பிடியால் பம்பை ஒரு தட்டுத் தட்டி ஓட்டிப் போனது இதனால்தான். தட்டினால் ஓடும், ஆனால் அது பம்பைச் சரிசெய்யும் நேரம் வந்துவிட்டது என்பதற்கான அறிவிப்பு.

வேகத்தில் நின்றால்

அப்பாவின் கார் இந்த வகை. தாமானுக்குள் மெதுவாகப் போகும்போது எஞ்சின் கேட்கும் பெட்ரோல் கொஞ்சம். அடைப்பு இருந்தாலும் அந்தக் கொஞ்சம் கசிந்து வந்து சேர்ந்துவிடும். நெடுஞ்சாலையில் 90 கிலோமீட்டர் வேகத்தில், அல்லது புக்கிட் திங்கி, கெந்திங் போன்ற ஏற்றத்தில், வருவதைவிட வேகமாகக் கிண்ணம் காலியாகும். நின்று பத்து நிமிடம் ஆறும்போது அடைத்திருந்த துரு டேங்கின் அடியில் இறங்கிவிடும், பாதையும் திறந்துவிடும். அதனால்தான் கிளம்புகிறது, அதனால்தான் மறுபடி நிற்கிறது.

முதலில் பார்க்க வேண்டியது டேங்க் மூடி. மூடி தொலைந்து வேறு காரின் மூடியைப் போட்டிருந்தாலோ, காற்று வரும் சிறு குழாய் அடைத்திருந்தாலோ, பெட்ரோல் குறையக் குறைய டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகும். பம்பால் ஓரளவுக்கு மேல் இழுக்க முடியாது. கார் நின்றதும் மூடியைத் திறந்து பாருங்கள். 'புஸ்' என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டு, உடனே கார் கிளம்பினால் கோளாறு கண்டுபிடிக்கப்பட்டது. செலவு ஒரு மூடி.

பிறகு ஃபில்டர். அதன் மேல் அம்புக்குறி இருக்கும். பெட்ரோல் போகும் திசையில், அதாவது எஞ்சினை நோக்கி அது இருக்க வேண்டும். பழைய ஃபில்டரைத் தூக்கி எறியாதீர்கள். அதிலுள்ளதை வெள்ளைத் துணியில் கொட்டிப் பாருங்கள். செம்பழுப்புத் தூள் வந்தால் டேங்க் துருப்பிடித்திருக்கிறது. கறுப்புத் துணுக்குகள் வந்தால் ரப்பர் குழாய் உள்ளுக்குள் உதிர்கிறது. வெளியே பளபளப்பாக இருக்கும் ரப்பர் குழாய்கூட உள்சுவர் உப்பி வழியை அடைத்திருக்கலாம். புதிய ஃபில்டர் போட்டதும் கார் நன்றாக ஓடி, இரண்டு வாரத்தில் மறுபடி நின்றால், ஃபில்டர் தன் வேலையைச் செய்திருக்கிறது, டேங்கைப் பார்க்கச் சொல்கிறது என்று பொருள். அப்பாவின் காரில் இந்தக் கட்டத்தில்தான் கார்பரேட்டரை மாற்றச் சொன்னார்கள்.

அடுத்து பம்ப். சாகாவிலும் 120ஒய்யிலும் எஞ்சினோடு பொருத்தப்பட்ட இயந்திர பம்ப். அதற்குள் உள்ள ரப்பர் தோல் கிழிந்தால் பெட்ரோல் போதிய அளவு வராது. சில வேளைகளில் கிழிசல் வழியாகப் பெட்ரோல் எஞ்சின் ஆயிலுக்குள் இறங்கும். (நம் பேச்சில் இரண்டுக்குமே 'எண்ணெய்' என்றுதான் பெயர் என்பதால் இங்கே பிரித்து எழுதுகிறேன்.) ஆயில் அளவுக் கம்பியை இழுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்து, ஆயில் மட்டமும் ஏறியிருந்தால் அந்தக் காரை ஓட்டாதீர்கள். நீர்த்துப்போன ஆயில் பேரிங்கைத் தின்றுவிடும்.

நெரிசலிலும் சூட்டிலும் நின்றால்

தீபாவளிக்கு முந்திய வாரம் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலோ பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனிலோ ஊர்ந்து போயிருக்கிறீர்களா? பழைய கார்கள் பானெட்டைத் திறந்துகொண்டு நிற்பதை அங்கே பார்க்கலாம். தைப்பூசத்தன்று பத்துமலைச் சாலையிலும் அப்படித்தான்.

தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். பெட்ரோல் பல பொருள்களின் கலவை. அதன் இலேசான பகுதிகள் 40 டிகிரி செல்சியஸ் அருகிலேயே ஆவியாகத் தொடங்கிவிடும். மதிய வெயிலில், கார் நகராமல், பானெட்டுக்குள் காற்றோட்டமும் இல்லாதபோது குழாயும் பம்பும் அந்தச் சூட்டைச் சுலபமாகத் தாண்டும். இயந்திர பம்ப் பெட்ரோலை உறிஞ்சுவதால் குழாயில் அழுத்தம் குறைகிறது, அழுத்தம் குறைந்தால் இன்னும் சீக்கிரம் கொதிக்கும். பம்பில் ஆவி நிறைந்துவிட்டால் அது வெறும் ஆவியைத்தான் பிசைந்துகொண்டிருக்கும். இதையே 'வேப்பர் லாக்' என்கிறார்கள். இன்றைய கார்களில் பம்ப் டேங்குக்குள்ளேயே இருந்து அதிக அழுத்தத்தில் தள்ளுவதால் இந்தத் தொல்லை அரிது.

இன்னொரு வகை, ஓடும்போது சரியாக இருந்து, கோயில் வாசலிலோ கடைத்தெருவிலோ நிறுத்திவிட்டு கால் மணி நேரம் கழித்து வந்தால் கிளம்பாதது. எஞ்சினை அணைத்ததும் காற்றாடியும் தண்ணீர் ஓட்டமும் நின்றுவிடுவதால் பானெட்டுக்குள் சூடு கொஞ்ச நேரம் ஏறிக்கொண்டே போகும். கிண்ணத்துப் பெட்ரோல் பொங்கி எஞ்சினுக்குள் வழிந்துவிடும். பெட்ரோல் வாடை அடிக்கும், பிளக்கைக் கழற்றினால் நனைந்திருக்கும். இந்த நேரத்தில் ஆக்சலரேட்டரை மிதித்து மிதித்து விட்டால் ஒவ்வொரு மிதிக்கும் இன்னும் பெட்ரோல் பீச்சும். ஒரே மிதியாக அடிவரை மிதித்து, அப்படியே பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள்; காற்று நிறையப் போய் அதிகப் பெட்ரோலை வெளியேற்றும். கிளம்பியதும் காலை எடுத்துவிடுங்கள்.

பிளக் காய்ந்திருந்தால் வேப்பர் லாக். பிளக் நனைந்திருந்து பொறியும் வராவிட்டால் சூடானதும் செயலிழக்கும் காயில். இதுவும் ஆறியதும் சரியாகிவிடுவதால் பெட்ரோல் கோளாறு என்றே பலர் நினைத்துவிடுகிறார்கள். மூன்றையும் பிரித்துக் காட்டுவது நின்ற உடனே பார்க்கும் அந்தப் பிளக் ஒன்றுதான். (சூடான பிளக்கை வெறுங்கையால் தொடாதீர்கள்.)

வேப்பர் லாக்குக்கு ஈரத்துணியைப் பம்பின் மேல் போடும் பழக்கம் உண்டு. அவசரத்துக்கு உதவும், ஆனால் துணி காற்றாடியில் சிக்காமலும் தண்ணீர் சூடான எக்ஸாஸ்ட் மேல் கொட்டாமலும் இருக்க வேண்டும். நிலையான தீர்வு வேறு. ரேடியேட்டரும் காற்றாடியும் ஒழுங்காக வேலை செய்கின்றனவா, பெட்ரோல் குழாய் எக்ஸாஸ்ட்டுக்கு மிக அருகில் போகிறதா, மீதிப் பெட்ரோலை டேங்குக்குத் திருப்பி அனுப்பும் குழாய் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். கார்பரேட்டருக்கு அடியில் சூட்டைத் தடுக்கும் கறுப்புக் கட்டை ஒன்று தொழிற்சாலையிலேயே வைத்திருப்பார்கள். ஒரு முறை கழற்றி மாட்டியவர் அதை மறந்துவிட்டு வெறும் கேஸ்கெட்டோடு மாட்டியிருக்கலாம். அது இருக்கிறதா என்று கேளுங்கள்.

சாலை விளக்கில் நின்றால்

மிதித்துக்கொண்டே இருந்தால் ஓடும், காலை எடுத்ததும் சாகும். இங்கே டேங்கையும் பம்பையும் விட்டுவிடலாம். அதிக வேகத்துக்குப் பெட்ரோல் போதிய அளவு வருகிறதே. கார்பரேட்டரைச் சந்தேகிக்க நியாயம் உள்ள இடம் இதுதான். அப்போதும் முழுதாக மாற்றுவது கடைசி வழி.

எஞ்சின் சும்மா ஓடும்போது அதற்குப் பெட்ரோல் கொடுப்பது தனியான, மிகச் சிறிய ஒரு துளை. துருத்தூள் ஒன்று போதும் அதை அடைக்க. பல ஜப்பானிய கார்பரேட்டர்களில் அந்தத் துளைக்கு மின்சார வால்வு ஒன்று உண்டு. கார்பரேட்டரின் பக்கவாட்டில் ஒரு ஒயரோடு நீட்டிக்கொண்டிருக்கும். எஞ்சினை ஓடவிடாமல் சாவியை மட்டும் திருப்பி வைத்து, அந்த ஒயரைக் கழற்றி மாட்டினால் 'டிக்' என்று சத்தம் வர வேண்டும். வராவிட்டால் வால்வு செத்துவிட்டது, அல்லது ஒயரில் மின்சாரம் இல்லை. பெட்ரோல் வாடை அடிக்கும் நேரத்தில் மட்டும் இதைச் செய்யாதீர்கள், சிறு பொறி பறக்கும்.

அடுத்த சந்தேகம் தேவையில்லாத காற்று. பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த குழாயும், டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் மெல்லிய குழாயும் நம் வெயிலில் காய்ந்து வெடித்திருக்கும். அரை மீட்டர் ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையை அங்கங்கே கொண்டுபோனால் 'ஸ்ஸ்ஸ்' என்ற சத்தம் எங்கே கூடுகிறது என்று தெரியும். காற்றாடிப் பக்கம் மட்டும் போகாதீர்கள். சோக் குமிழ் உள்ள வண்டியில் இன்னொரு சுலப வழி இருக்கிறது. சோக்கைப் பாதி இழுத்ததும் எஞ்சின் சீராகிவிட்டால் பெட்ரோல் குறைவு அல்லது காற்று அதிகம். இழுத்ததும் மோசமானால் பெட்ரோல்தான் அதிகம்: மிதவை ஓட்டையாகிக் கனத்திருக்கலாம், ஊசி தேய்ந்திருக்கலாம்.

நின்ற இடத்திலிருந்து கிளம்ப மிதிக்கும்போது மட்டும் தடுமாறினால், முன்பு சொன்ன அந்தப் பீச்சல் வருகிறதா என்று பார்த்தால் போதும். வராவிட்டால் கார்பரேட்டருக்குள் உள்ள சிறு ரப்பர் தோல் போய்விட்டது. ரிப்பேர் கிட் வாங்கினால் அதிலேயே வரும்.

தண்ணீரும் பழைய பெட்ரோலும்

2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது எத்தனையோ பழைய கார்கள் பாதி டேங்க் பெட்ரோலோடு நின்றுபோயின. நம் ஈரப்பதத்தில் டேங்கின் காலிப் பகுதியில் இரவில் நீர்த்துளி படியும், அங்கே துரு தொடங்கும். பெட்ரோலின் இலேசான பகுதி பறந்துபோய், மீதி அரக்குப் போல ஜெட்டுகளில் ஒட்டும். அடுத்த ஆண்டு டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் கார்கள் கூரை வரை மூழ்கியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். கழுவித் துடைத்துக் காப்பாற்றிய கார்களில் சிலவற்றின் டேங்க் அடியில் இன்னும் அந்தத் தண்ணீர் இருக்கலாம்.

சந்தேகமானால் டேங்கின் அடியிலிருந்தோ ஃபில்டரிலிருந்தோ வடித்த பெட்ரோலை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி, மூடி, கால் மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனம். அடியில் தனிப் படலமாகத் தெரியும். புதிய பெட்ரோல் தெளிவாக இருக்கும். கெட்டது கறுத்து, பழைய வார்னிஷ் போல நாறும்.

ரோன் 97 போட்டால் சரியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை நம்மிடம் உண்டு. அந்த எண் எஞ்சினில் 'நாக்' சத்தம் வராமல் தாங்கும் திறனைக் குறிப்பது. அடைத்த ஃபில்டரை அது திறக்காது. அதேபோல், எத்தனால் கலந்த பெட்ரோலால் குழாய்கள் கெடுகின்றன என்று தமிழ்நாட்டு யூடியூப்காரர்கள் சொல்வதைக் கேட்டுப் பயப்படுபவர்களும் இருக்கிறார்கள். இந்தியாவில் 20 விழுக்காடு எத்தனால் கலந்து விற்கிறார்கள். இங்கே அப்படிக் கட்டாயக் கலப்பு இல்லை. நம் குழாய்களைக் கெடுப்பது சூடும் வயதும்.

உயிரோடு விளையாடும் பழக்கங்கள்

குழாயை வாயில் வைத்துப் பெட்ரோலை உறிஞ்சி எடுப்பதைத் தோட்டத்தில் பார்க்காதவர் இல்லை. வயிற்றுக்குள் போவதைவிட நுரையீரலுக்குள் போவதுதான் ஆபத்து. சில துளி போதும், நுரையீரல் புண்ணாகி மருத்துவமனையில் கிடக்க வேண்டிவரும். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். எடுக்கும்போதுதான் அது மூச்சுக்குழாய்க்குள் போகும். நேராக மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். கைப்பம்ப் மலிவாகக் கிடைக்கிறது.

ஓட்டை டேங்கை வெல்டிங் செய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் காரைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். காலி டேங்க் நிறைந்த டேங்கைவிட ஆபத்தானது. உள்ளே இருப்பது பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த கலவை, ஒரு பொறி பட்டால் வெடிகுண்டு. ஆவி முழுதும் போகச் சுத்தம் செய்யும் வசதியுள்ள ரேடியேட்டர், டேங்க் பட்டறைகள் தனியாக இருக்கின்றன.

மீன் தொட்டிக்குப் போடும் தெளிந்த பிளாஸ்டிக் குழாயைப் பெட்ரோலுக்குப் போடுவது இன்னொன்று. சில மாதத்தில் விறைத்து, கிளிப்பிலிருந்து நழுவி, சூடான எக்ஸாஸ்ட் மேல் பெட்ரோலைச் சொட்டும். பெட்ரோலுக்கான குழாயின் மேலேயே 'எஸ்.ஏ.இ. ஜே30' என்று அச்சிட்டிருக்கும். அதைப் பார்த்து வாங்குங்கள்.

இயந்திர பம்புக்குப் பதிலாக மின்சார பம்ப் போடச் சொன்னால் எத்தனை அழுத்தம் என்று கேளுங்கள். கார்பரேட்டருக்கு வேண்டியது ஏறக்குறைய 3 பி.எஸ்.ஐ. இன்ஜெக்‌ஷன் காரின் பம்ப் 40 பி.எஸ்.ஐ. அளவுக்குத் தள்ளும். கிண்ணத்து ஊசியால் அதைத் தாங்க முடியாது, பெட்ரோல் எஞ்சின் மேலேயே வழியும். விபத்தில் எஞ்சின் நின்றாலும் மின்சார பம்ப் தொடர்ந்து பெட்ரோலை இறைக்கும் என்பதால் அதைத் தானாக நிறுத்தும் சுவிட்சும் வேண்டும். ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் ஒரு கிலோ உலர்தூள் தீயணைப்பான் வைத்திருங்கள்.

நெடுஞ்சாலையில் எஞ்சின் அணைந்தால் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காதீர்கள். பூஸ்டரில் மிச்சமிருக்கும் உதவி ஓரிரு மிதிக்குத்தான் வரும், அதன் பிறகு பிரேக் கல்லாகிவிடும். ஒரே மிதியாக, சீராக மிதித்து இடது ஓரம் போய், அபாய விளக்கைப் போட்டு, எல்லாரும் இரும்புத் தடுப்புக்கு அப்பால் போய் நில்லுங்கள். முதியவர்களைக் காருக்குள் உட்கார வைக்காதீர்கள்.

பட்டறைக்குப் போகும்போது

"கார் நிக்குது, பாருங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டு வந்தால் எது கையில் கிடைக்கிறதோ அதைத்தான் மாற்றுவார்கள். ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எத்தனை நிமிடத்தில் நின்றது, வேகத்திலா நெரிசலிலா, இருமியா சட்டென்றா, எவ்வளவு நேரம் கழித்துக் கிளம்பியது, டேங்கில் எவ்வளவு இருந்தது. கடைசிக் கேள்வி சிரிப்புக்கு இல்லை. பழைய காரின் பெட்ரோல் முள் கால் டேங்க் காட்டும்போதே காலியாகி நின்ற வண்டிகள் நிறைய. மாற்றிய பாகங்களைத் திருப்பிக் கேட்டு வாங்குங்கள். கழற்றிய பழைய கார்பரேட்டரை விட்டுவிட்டு வந்தது அப்பா செய்த தவறு. நல்ல நிலையில் இருந்த அசல் கார்பரேட்டர் அது.

டேங்கை இறக்கிச் சுத்தம் செய்து, குழாய்களையும் ஃபில்டரையும் மாற்றியதற்கு ஆன செலவு அந்தக் கார்பரேட்டரின் விலையில் பாதிகூட இல்லை. முதல் மாதத்தில் இரண்டு ஃபில்டர் மாற்ற வேண்டிவந்தது, ஒட்டியிருந்த மிச்சத் தூள் வந்துகொண்டே இருந்ததால். டேங்க் சுத்தம் செய்பவர்கள் எல்லாரும் இதை எதிர்பார்க்கச் சொல்வார்கள், பயப்பட வேண்டாம். வடித்த பழைய பெட்ரோலை மட்டும் வீட்டு வடிகாலில் ஊற்றிவிடாதீர்கள். இறுக்கமாக மூடும் இரும்பு டின்னில் வைத்து, பழைய எஞ்சின் ஆயிலைச் சேர்த்து அனுப்பும் பட்டறையில் கேட்டுக் கொடுங்கள்.